பேஸ்மென்ட் மழைத்தண்ணீரை இறைக்கும் சப்மெர்சிபிள் பம்ப்: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். ஒரு எச்.பி., சிங்கிள் ஃபேஸ், இரண்டு அங்குல வாய், கூடவே ஃப்ளோட் ஸ்விட்ச் என்று விற்கும் இந்த வகை சப்மெர்சிபிள் பம்ப் நல்ல பொருள்தான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆனால் இது ரேம்பில், அதாவது பேஸ்மென்ட்டுக்குக் கார் இறங்கும் சரிவில், விழும் மழையை இறைக்கும், தெருவிலிருந்து உள்ளே பாயும் தண்ணீரை இறைக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் பம்ப்பைத் திட்டுவீர்கள், கடைக்காரரைத் திட்டுவீர்கள், கடைசியில் சங்கக் கூட்டத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வீர்கள். எங்கள் அடுக்குமாடியில் மூன்றும் நடந்தது.

வாங்கியதற்குக் காரணம் ஒரு ராத்திரி மழை. விடிவதற்குள் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நின்றது. இப்படி நடந்தால் எல்லோருக்கும் முதலில் கார்தான் ஞாபகம் வரும். உண்மையில் அதிகம் அடிவாங்கியது கட்டடத்துக்குச் சொந்தமான பொதுச் சாமான்கள்தான். லிஃப்ட்டைக் கடைசியாகப் பயன்படுத்தியவர் பேஸ்மென்ட்டில் இறங்கியிருக்கிறார், அது அங்கேயே நின்றுவிட்டது. லிஃப்ட் குழி என்பது கட்டடத்திலேயே தாழ்வான இடம், தண்ணீர் முதலில் அங்கேதான் போகும். குழிக்குள் இருக்கும் லிமிட் ஸ்விட்ச், கவர்னர் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் சக்கரம், ஒயர்கள் எல்லாம் ஊறி, உதிரிப்பாகம் வரும் வரை மேல்மாடிகளில் இருக்கும் வயதானவர்கள் கீழே இறங்கவே இல்லை. கனமழை அறிவிப்பு வந்தால் லிஃப்ட்டை மேல்மாடிக்கு அனுப்பி அங்கேயே மெயினை அணைத்து வைப்பதற்கு ஒரு பைசா செலவு கிடையாது. பம்ப் வாங்குகிறீர்களோ இல்லையோ, இதை வாட்ச்மேனிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

அடுத்தது குடிநீர்த் தொட்டி. பார்க்கிங் தரையோடு தரையாக மூடி இருக்கும் தொட்டிகளுக்குள் வெள்ளம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில் டீசல், எண்ணெய், சாக்கடை எல்லாம் கலந்திருக்கும். மேலே தெளிவாகத் தெரிகிறது என்று மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிவிட்டால் அதையும் சேர்த்துக் கழுவ வேண்டியதுதான். முழுவதும் வடித்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு ஊறவிட்டு, அதையும் வடித்த பிறகுதான் புதுத் தண்ணீர் விட வேண்டும். பின்பக்கக் காம்பவுண்டு சுவர் சரிந்தது தனிக் கதை. அந்தப் பக்கம் மண் உயரமாக இருக்கிறது, சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு துளை கூடக் கிடையாது, ஊறிப்போன மண்ணின் எடையும் அதற்குள் நிற்கும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து தள்ளியதில் சுவர் அப்படியே இருசக்கர வாகனங்கள் மேல் படுத்துக்கொண்டது. ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளில் இருந்ததைப் பற்றிப் பேசவே வேண்டாம். நனைந்த அட்டை, மெத்தை, மரப்பலகை எல்லாம் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், காயவைத்துப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டால் வீடு முழுக்க நாற்றம்தான் மிச்சம்.

கார் விஷயத்தில் ஒன்றே ஒன்று. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து மேலே ஏற்றிவிடலாம் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நனைந்த காரைச் சரிசெய்துவிடலாம், ஸ்டார்ட் செய்து உடைத்த என்ஜினுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தருவார்களா என்பது உங்கள் பாலிசியில் என்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

சரி, பம்ப்புக்கு வருவோம்.

பெட்டி மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது: நிமிடத்துக்கு 250 லிட்டர், உயரம் 11 மீட்டர். இரண்டுமே உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. கடையில் யாரும் சொல்ல மாட்டேன் என்கிற விஷயம் இது. 250 லிட்டர் என்பது தண்ணீரை மேலே தூக்கவே தேவையில்லாத நிலையில் கொட்டும் அளவு. 11 மீட்டர் என்பது அந்த உயரத்துக்கு மேல் ஒரு சொட்டும் போகாது என்கிற எல்லை, அதாவது அந்த உயரத்தில் அளவு பூஜ்யம். உங்களுக்குக் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கீழ்நோக்கி வளைந்து போகும் ஒரு கோட்டுப்படம் இருக்கிறதே, வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் பேஸ்மென்ட்டில் பம்ப் வைத்திருக்கும் தண்ணீர்க் குழியிலிருந்து தெரு வடிகால் வரை ஏற்றம், ஹோஸின் உராய்வு எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் வரும். ஒரு 200 லிட்டர் டிரம்மை மேலே வைத்து, செல்போனில் நேரம் பார்த்து நிரப்பினோம். ஒன்றரை நிமிடம் ஆனது. அப்படியென்றால் நிமிடத்துக்கு 130 லிட்டருக்குச் சற்று மேல், மணிக்கு ஏறக்குறைய 8,000 லிட்டர். பெட்டியில் போட்டதில் பாதிதான், ஆனாலும் இந்த விலைப் பிரிவில் நான் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கோட்டுப்படத்தில் காட்டியபடிதான் ஓடுகிறது.

இந்த அளவு போதுமா என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் அது ஒரு லிட்டர். ரேம்பின் திறந்த பரப்பு 100 சதுர மீட்டர், மணிக்கு 50 மில்லிமீட்டர் என்று கொட்டுகிறது, நல்ல கனமழை. அப்போது மணிக்கு 5,000 லிட்டர் உள்ளே வரும். பம்ப் 8,000 இறைக்கும். ஜெயித்தோம், ராத்திரி தூங்கலாம். இப்போது அதே மழையில் 1,200 சதுர மீட்டர் மொட்டை மாடித் தண்ணீரை இறக்கும் குழாய் அடைத்துக்கொண்டு ரேம்ப் பக்கம் திரும்பியது என்று வையுங்கள். மணிக்கு 60,000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஆயிரம். நம் பம்ப் பாவம், என்ன செய்யும்? தெருவே நிரம்பி ரேம்ப் வழியாக வழிந்தால் கணக்கே கிடையாது, தெருவில் தண்ணீர் இருக்கும் வரை வந்துகொண்டேதான் இருக்கும்.

எங்கள் மழையில் நடந்தது மூன்றாவது வகை. 600 சதுர மீட்டர் பார்க்கிங்கில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 1,80,000 லிட்டர். மேற்கொண்டு ஒரு சொட்டும் உள்ளே வராமல் இருந்தாலே இந்தப் பம்ப்புக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் வேலை. அதனால்தான் இதைத் தனியாக வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள் என்கிறேன். வருவதைத் தடுப்பதற்கு ஒன்று, வந்துவிட்டதை இறைப்பதற்கு ஒன்று, இரண்டும் வேண்டும்.

குழாய் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். பம்ப்போடு இரண்டு அங்குல வாயும், கூடவே ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம் ஹோஸ் மாட்டுவதற்குப் படிப்படியாகச் சிறுத்துப் போகும் ஒரு பிளாஸ்டிக் இணைப்பும் தருகிறார்கள். வீட்டில் கிடக்கும் தோட்டத்து ஹோஸை மாட்டிவிடலாம் என்று ஆசைகாட்டும் சாமான் அது. மாட்டாதீர்கள். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ள வேண்டுமென்றால் உராய்வில் போகும் இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகிறது. பம்ப் முக்கி முனகி ஓடும், மறுமுனையில் நூல் போல வரும், நாம் பம்ப் சரியில்லை என்று எழுதுவோம். இதே பம்ப்புக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதியிருப்பவர்களில் பாதிப் பேர் இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். இரண்டு அங்குல ஹோஸ் தனியாக வாங்க வேண்டும், சுருட்டி வைக்கும் தட்டை ரகம் போதும், ஆனால் ரேம்ப் முனையில் மடங்குகிற இடத்தில் ஒரு வளைந்த கெட்டிக் குழாய்த் துண்டு போடுங்கள். தட்டை ஹோஸ் அங்கே மடிந்துகொண்டால் தண்ணீர் நின்றுவிடும்.

இனி ஃப்ளோட் ஸ்விட்ச். பம்ப்பின் பக்கவாட்டிலிருந்து ஒயரோடு தொங்கும் அந்த ஆரஞ்சு நிறக் குமிழ்தான் இதன் மூளை. தண்ணீர் ஏறினால் மிதந்து மேலே வந்து பம்ப்பைப் போடும், இறங்கினால் தொங்கி அணைக்கும். ஆளில்லாத நேரத்தில் தானாக வேலை செய்யும், இந்த வசதிக்காகவே வாங்கலாம். ஆனால் குமிழ் ஆடுவதற்கு இடம் வேண்டும். எங்கள் குழி ஒடுக்கமானது, முதல் வாரமே குமிழ் சுவருக்கும் ஹோஸுக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. மேலேயே மாட்டிக்கொண்டால் தண்ணீர் தீர்ந்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், சுற்றியுள்ள தண்ணீரால்தான் இந்த மோட்டார் குளிர்கிறது என்பதால் காய்ந்து ஓடினால் சூடாகிவிடும். உள்ளே ஒரு வெப்பத் தடுப்பு இருக்கிறது, அணைத்துவிடும்தான், அதை நம்பி விட்டுவிட்டால் சீல் சீக்கிரம் போய்விடும். கீழேயே மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம், வெள்ளம் வரும்போது பம்ப் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

பிளம்பர் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "குழிய அகலப்படுத்த முடியலன்னா குமிழோட ஒயரைக் கொஞ்சம் சுருக்கிக் கட்டு தம்பி, ஆனா ரொம்பச் சுருக்காத, போட்டு போட்டு அணையும்" என்றார். சரியான யோசனை. ஒயரின் தளர்வு எவ்வளவோ அவ்வளவுதான் பம்ப் போடும் மட்டத்துக்கும் அணையும் மட்டத்துக்கும் உள்ள இடைவெளி. ரொம்பக் குறைத்துவிட்டால் நிமிடத்துக்கு நாலு தடவை ஓடி நிற்கும், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டார் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், கெப்பாசிட்டரும் வைண்டிங்கும் அடிவாங்கும். இடம் இல்லாதவர்கள், குமிழ் ஒரு குச்சியில் நேராக மேலும் கீழும் போகிற மாடல் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம். ஃப்ளோட் விஷயத்துக்குத்தான் நான் அரை நட்சத்திரம் குறைத்தேன், குறைந்தபட்சக் குழி அளவைப் பெட்டி மேலேயே போட்டிருக்க வேண்டும்.

மீதி ஒரு நட்சத்திரம் குறைந்தது பொருத்திக் கொடுத்த சேவைக்கு. கடையிலிருந்து வந்த ஆள் ஹோஸை மாட்டி, மறுமுனையைத் தெரு வடிகாலுக்குள் இறக்கிவிட்டு, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் போகவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு எங்கே என்று கேட்டதற்கு "இதுக்கெல்லாம் தேவையில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பெருமழையில் பம்ப் அருமையாக ஓடியது. நள்ளிரவில் கரண்ட் போனது. தெரு வடிகால் நிரம்பி நின்றது, ஹோஸின் வாய் அதற்குள் மூழ்கியிருந்தது, ஹோஸ் முழுக்கத் தண்ணீர். பம்ப் நின்ற நிமிடமே எல்லாம் தலைகீழாகி, மேலே நிற்கும் தெருத் தண்ணீர் நம் ஹோஸ் வழியாகவே சைஃபன் முறையில் பேஸ்மென்ட்டுக்குள் இறங்க ஆரம்பித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பம்ப்பின் சல்லடை வழியாகத் தண்ணீர் கொப்பளித்து வெளியே வருகிறது, உள்ளே இழுக்க வேண்டியது வெளியே துப்புகிறது! வாட்ச்மேன் ஓடிப்போய் மேலே ஹோஸைத் தூக்கிப் போட்ட பிறகுதான் நின்றது.

ஆகவே நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இது இல்லாவிட்டால் சாதாரண நாளிலும் தொல்லை உண்டு: பம்ப் நின்றதும் ஹோஸில் நிற்கும் தண்ணீர் குழிக்கே திரும்பி வரும், ஃப்ளோட் மறுபடி எழும்பும், பம்ப் மறுபடி ஓடும், ராத்திரி பூராவும் இதே கதை. ஹோஸின் வாயையும் வடிகாலுக்குள் முக்கி வைக்காமல் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நின்று கொட்டும்படி கட்டுங்கள், காற்று புகுந்தால் சைஃபன் உடைந்துவிடும். வால்வு போட்ட பிறகு இன்னொரு சின்ன வேலை இருக்கிறது, இதைச் செய்யாவிட்டால் பம்ப் ஓடும், தண்ணீர் வராது. குழி காய்ந்து பம்ப்புக்குள் காற்று நிறைந்திருக்கும்போது மேலே வால்வு மூடியிருப்பதால் அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். பம்ப்புக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள குழாயில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்குள் ஒரு துளை போட்டுவிட்டால் போதும். ஓடும்போது அதிலிருந்து கொஞ்சம் பீய்ச்சும், பயப்பட வேண்டாம், அந்தத் தண்ணீர் குழிக்குள்தான் விழுகிறது. சில கம்பெனிகள் பம்ப்பின் உடம்பிலேயே இந்தத் துளையை வைத்துத் தருகின்றன, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டே கூடாது. பம்ப்பில் ஐ.பி. 68 என்று போட்டிருக்கிறார்கள், நீருக்குள்ளேயே தொடர்ந்து இருக்கலாம் என்று பொருள். அது பம்ப்புக்கு மட்டும்தான். நீங்கள் போடும் ஜாயின்ட்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் கிடையாது. பிளக் குத்தும் இடம் தண்ணீர் எட்டவே எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் பம்ப்பை ஓட்டாதீர்கள். கேபிள் எங்காவது உரிந்திருந்தால் தண்ணீரில் நிற்கும் ஆள்தான் எர்த், கசிவைக் கண்டுபிடித்து அணைக்க அந்த ஒரு சின்னப் பெட்டி மட்டும்தான் இருக்கிறது. மீட்டர் போர்டு நனைந்திருந்தால் பேஸ்மென்ட்டில் கால் வைப்பதற்கு முன் மின்வாரிய ஆளைக் கூப்பிட்டு, வெளியிலிருந்து வரும் இணைப்பையே துண்டிக்கச் சொல்லுங்கள், கம்பைக் கொண்டு மெயினைத் தட்டுகிற வீரம் வேண்டாம்.

பெரிய குடியிருப்புகளில் த்ரீ ஃபேஸ் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது ஃபேஸ் வரிசை மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் வரும், கொஞ்சம் தண்ணீரும் வரும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனால் வர வேண்டியதில் கொஞ்சம்தான் வரும். மழைக் காலத்துக்கு முன்னால் ஜெனரேட்டரில் ஒருமுறை ஓட்டி, தண்ணீர் வருகிற வேகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

அடைப்பு பற்றி. கீழே சல்லடை இருக்கிறது, விரல் நுழையாத அளவு துளைகள். இலை, பிளாஸ்டிக் பை, செருப்பு, ஒருமுறை ஒரு முழு பெட்ஷீட், எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் தண்ணீர் குறையும், மோட்டார் சத்தம் மாறும். பம்ப்பை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் இறக்கி வைத்தால் குப்பை கூடையிலேயே நின்றுவிடும், கையால் வழித்துப் போடுவது சுலபம். பிளக்கைப் பிடுங்கிய பிறகு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடை கலந்து வரும் இடங்களுக்கு இந்த மாடல் வேண்டாம், திடப்பொருளை அப்படியே கடத்திவிடும் வோர்டெக்ஸ் வகை இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) உள்ள கழிவுநீர் பம்ப் வேறு, அதைக் கேளுங்கள். பம்ப்பைத் தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு செங்கல் மேல் வையுங்கள், சேறு இழுப்பது பாதியாகக் குறையும்.

தரையில் கடைசியாக மிஞ்சும் நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீரை இது எடுக்காது. தரை சுத்தமாகக் காய வேண்டுமென்றால் சில மில்லிமீட்டர் வரை உறிஞ்சும் மாடல் இருக்கிறது, அடியில் தட்டையாக இருக்கும். எங்களுக்குத் தரையில் குழி இருப்பதால் துடைப்பத்தால் தள்ளிவிட்டு முடித்துவிட்டோம்.

ஒன்றை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். பேஸ்மென்ட் முழுக்க, ஆளுயரத்துக்கு நிரம்பிவிட்ட கட்டடம் என்றால் பம்ப் கிடைத்ததும் மொத்தத்தையும் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே மண் ஊறி, நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து, சுவரை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர் அந்த அழுத்தத்துக்கு எதிர்முட்டு கொடுத்துக்கொண்டிருக்கும், சட்டென்று எடுத்துவிட்டால் சுவர் உள்ளே வளையலாம், பேஸ்மென்ட் தரைக் கான்கிரீட் மேலே தூக்கலாம். மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்து, மறுநாள் காலையில் குறியைப் பாருங்கள். மறுபடி ஏறியிருந்தால் வெளியே இன்னும் தண்ணீர் நிற்கிறது, பொறுங்கள். எங்களைப் போல ஒரு அடித் தண்ணீருக்கு இவ்வளவு கவலை இல்லை, ஆனால் சுவரில் புதிதாக விரிசல் தெரிந்தால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இறைக்காதீர்கள்.

வாடகைக்குக் கிடைக்கும் பெட்ரோல் என்ஜின் பம்ப் இதைவிட மேலா என்று கேட்பவர்களுக்கு: அளவில் மேல். மூன்று அங்குல என்ஜின் பம்ப் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் அளவில் தள்ளும், கரண்ட்டும் வேண்டாம். ஆனால் ஆள் கூடவே நிற்க வேண்டும், பெருமழை நாளில் வாடகைக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு, மேலே இருந்து உறிஞ்சும் பம்ப் என்பதால் ஏழு மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து இழுப்பது நடைமுறையில் சிரமம். எல்லாவற்றுக்கும் மேலே, தூரம் குறையட்டும் என்று என்ஜினைப் பேஸ்மென்ட்டுக்குள் இறக்கிவிடக் கூடாது. மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, மயங்கி விழுந்த பிறகு தெரிந்து பயனில்லை. ஜெனரேட்டருக்கும் இதே விதிதான்.

தெருத் தண்ணீரைத் தடுக்க நாங்கள் கடைசியில் செய்தது இரண்டு காரியம். ரேம்ப் ஆரம்பிக்கும் இடத்தில் தெருவைவிட உயரமாக ஒரு மேடு கட்டி, அதன் மேல் கழற்றி மாட்டும் அலுமினியப் பலகைத் தடுப்பு போட்டோம், ஓரங்களில் ரப்பர் சீல் உள்ளது. பிளைவுட் போதாதா என்று கூட்டத்தில் ஒரு மாமா கேட்டார். 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் தடுப்பின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் 180 கிலோ எடை அளவுக்குத் தள்ளும், நான்கு மீட்டர் ரேம்புக்கு 720 கிலோ, பிளைவுட் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள் மாமா என்றதும் ஒத்துக்கொண்டார். தண்ணீர் பட்டதும் தானாக உப்பிப் பெரிதாகும் பைகளும் வாங்கிப் பார்த்தோம், மணல் மூட்டைக்கு ஆள் தேட வேண்டியதில்லை என்பதால் வசதிதான், ஆனால் கடல்நீர் ஏறும் பகுதியில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம், உப்புத் தண்ணீரில் அவை சரியாக உப்பாது.

இந்தத் தடுப்புக்குப் பிறகு வந்த மழைகளில் பம்ப் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ரேம்பில் விழுவது, சுவர் மூலையில் கசிவது, காரோடு சேர்ந்து உள்ளே வருவது, அவ்வளவுதான் குழிக்கு வருகிறது. அவ்வப்போது பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு நிற்கும் சத்தம் கேட்கும்.

வாரண்டி இரண்டு வருடம் என்று போட்டிருக்கிறார்கள், கீழே சின்ன எழுத்தில் காய்ந்து ஓடியது, கேபிள் வெட்டுப்பட்டது, மணல் அரித்தது எதற்கும் பொருந்தாது என்றும் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் இந்தப் பம்ப்புக்கு வேறு என்ன நோய் வரும் என்று தெரியவில்லை. கேபிளைப் பிடித்துத் தூக்காதீர்கள், கைப்பிடியில் நைலான் கயிறு கட்டித் தூக்குங்கள், கேபிள் நுழையும் இடத்தில் சீல் தளர்ந்தால் உள்ளே தண்ணீர் போய்விடும். குழித் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் பார்க்கிங் எண்ணெயாகவும் இருக்கலாம், பம்ப்பின் சீல் அறையிலிருந்து கசிவதாகவும் இருக்கலாம், சுத்தத் தண்ணீர் வாளியில் இறக்கிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மழை முடிந்ததும் சுத்தத் தண்ணீரில் ஒருமுறை ஓட்டிக் கழுவி வையுங்கள், மழை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை வாளித் தண்ணீரில் சில விநாடி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சேறு காய்ந்து இம்பெல்லர் பிடித்துக்கொள்ளும். அது தெரியவருவது அடுத்த மழையின் முதல் ராத்திரியில்தான், அன்றைக்கு சர்வீஸ் சென்டரில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

வாங்குவதாக இருந்தால் ஒரே பெரிய பம்ப்பைவிட இப்படி இரண்டு வாங்கி, ஒன்றின் ஃப்ளோட்டைக் கொஞ்சம் உயரமாக வைத்துவிடுங்கள். முதல் பம்ப் சமாளிக்க முடியாதபோதோ நின்றுபோனபோதோ இரண்டாவது தானாக எழும்பும். கேபிள் நீளத்தையும் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாருங்கள். எங்களுக்கு வந்தது 10 மீட்டர், பேஸ்மென்ட் குழியிலிருந்து மேல்மாடி பிளக் வரை எட்டவில்லை. 20 மீட்டர் கேபிளோடு அதே மாடல் வருகிறது, கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள்.